நாற்பது சுருக்குப்பைகளும் ஒரு மாத்திரையும்

உலகத்தில் யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று கேட்டால், புதிதாக ஒழுங்கு கற்றுக்கொண்டவனிடம் என்பேன். பிறவியிலேயே ஒழுங்காக இருப்பவர்கள் தங்கள் அலமாரியோடு நிறுத்திக்கொள்வார்கள். இருபத்து மூன்று வயதில் திடீரென்று ஒழுங்கு வந்தவன் அடுத்தவர் அலமாரியையும் விட மாட்டான். நான் அடுத்தவர் மாத்திரை டப்பா வரைக்கும் போனவன்.

இது 2006-இல் நடந்தது. பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு தையல் பட்டறையில் எனக்கு வேலை. மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பைகளையும் கூடாரங்களையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பட்டறை. எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். (துணி எண்ணி அடுக்குகிற வேலைதான். எங்கள் வீட்டில் மட்டும் சூப்பர்வைசர்.) ஒருநாள் பை வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் முதுகுப்பையைத் திறந்து சாமான்களை மேசைமேல் எடுத்து வைத்துக் காட்டினார். துணிமணிக்கு ஒரு சுருக்குப்பை, சோப்பு சீப்புக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. எல்லாம் குடைத்துணியைவிட மெல்லிய துணி, ஊதினால் பறக்கும். எது வேண்டும் என்று சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அவருடைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டதற்கு, எடையைக் குறைக்க அறுத்துவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கே நான் மதம் மாறிவிட்டேன்.

எனக்கு அப்போது ஒழுங்கு அவசரமாகவும் தேவைப்பட்டது. காரணம் செலின் அத்தை, என் அக்கா எமிலியின் மாமியார். அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. மச்சான் பிரான்சில் வேலை பார்த்தார். அக்கா அங்கே போவதற்கான பேப்பர் வரவில்லை. அது வரும்வரை அவள் மாமியார் வீட்டில் இருந்தாள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுச் சீர் சாமான்கள் போய் இறங்கியபோது அத்தை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அண்டாவுக்குள் தலையணை, தலையணை உறைக்குள் கரண்டி, குக்கருக்குள் என் பனியன். (அது எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது.) “உங்க வீட்ல எது எதுக்குள்ள இருக்கும்னு யாருக்காவது தெரியுமா?” என்று அக்காவிடம் கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார் என்று அக்கா சொன்னாள். அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் நம்பவில்லை. எங்களால்தான் அக்காவுக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லை என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிறவர்கள் ஏராளம். எங்கள் குழுவுக்குத் தலைவர் பெலிக்ஸ் மாமா, அம்மாவின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாய்க்கு எங்கள் ஊர்ச் சொல்) இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு பேர் நடப்போம், பைகள் பின்னால் ஒரு வேனில் வரும். அந்த வருடம் செலின் அத்தையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எமிலியும் கூட வருகிறாள். எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்ற மாதாவே எனக்கு ஏற்பாடு செய்துகொடுத்த சந்தர்ப்பம் என்று நினைத்தேன்.

முதலியார்பேட்டையில் மாமா வீட்டுக்குப் போய் என் திட்டத்தைச் சொன்னேன்.

“வேன் எதுக்கு மாமா? எல்லாத்தையும் நான் சுருக்குப்பைல போட்டுக் குடுத்துடறேன். ஆளுக்கு மூணு கிலோகூட வராது. முதுகுலயே மாட்டிகிட்டுப் போயிடலாம்.”

“பதினோரு பேருக்குமா?”

“பதினோரு பேருக்கும். பட்டறையில கழிச்சிப் போட்ட பை இருக்கு. துண்டுத் துணி இருக்கு.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் மூட்டை கட்டி நடந்த தன் இளமைக்காலம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “ரெஜிமான்ல நாங்களும் இப்படித்தான்டா போவோம். செய், செய்” என்றார். வேனுக்குச் சொல்லியிருந்ததை அன்றே ரத்து செய்தார். செல்போன்கள் வீண் எடை, குழுவுக்கு ஒன்று போதும், அதுவும் மாமாவிடம் இருக்கட்டும் என்றேன். அதற்கும் சரி என்றார். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு நிறையவே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேருடைய சாமான்களும் வந்து குவிந்தன. நான் நாற்பது சுருக்குப்பைகள் தைத்து வைத்திருந்தேன். பச்சை துணிமணிக்கு, நீலம் குளியல் சாமானுக்கு, சிவப்பு தின்பண்டத்துக்கு, மஞ்சள் மருந்துக்கு. பதினோரு பிரஷ்ஷையும் ரம்பத்தால் அறுத்தேன். சோப்புகளைத் துண்டு போட்டேன். பாட்டுப் புத்தகங்களில் நாங்கள் பாடாத பாட்டுகளைக் கிழித்து எடுத்தேன். (கிழித்ததில் இரண்டு நாங்கள் பாடுகிற பாட்டு. வழியெல்லாம் பாதிப் பாட்டோடு முனகிக்கொண்டு போனோம்.) ஒரு பெரியம்மா தன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, “இத எதால பிடிக்கறது?” என்று கேட்டார். விரலால் என்றேன்.

செலின் அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெடிய உருவம், வெளுத்த கதர்ப் புடவை, மடியில் செபமாலை. ஒரு பச்சைப் பையை எடுத்துச் சுருக்கை இழுத்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கே. யார் தெச்சது?”

“நாந்தான் அத்தை.”

“ம்.”

அந்த ஒரு “ம்” போதுமாக இருந்தது எனக்கு. தலை கிறுகிறுத்துவிட்டது. அந்தக் கிறுகிறுப்பில்தான் மாத்திரைகளில் கை வைத்தேன்.

குழுவுக்கு இரண்டே வகை மாத்திரைதான். ஒன்று மாமாவின் சர்க்கரை மாத்திரை, ஓர் அட்டை, பத்து. இன்னொன்று வழியில் யாருக்காவது குமட்டினால் போடுவதற்கு, அதுவும் ஓர் அட்டை, பத்து. இரண்டும் சின்னதாக, வெள்ளையாக, வட்டமாக இருந்தன. அட்டையில் பாதி காற்றுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இருபது மாத்திரைகளையும் அட்டையைவிட்டு உதிர்த்து, இரண்டு குட்டி மஞ்சள் பைகளில் போட்டேன்.

எமிலி அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “அட்டையோட வைடா லூயி.”

“அட்டையில பேருதானே இருக்கு? பேர நான் பையில எழுதிடறேன்.”

மார்க்கர் பேனாவால் ஒன்றில் ‘சுகர்’, மற்றதில் ‘வாந்தி’ என்று முத்து முத்தாக எழுதினேன். மழை இறங்காமல் இருக்க அந்தத் துணியின்மேல் வழவழவென்று ஒரு பூச்சு உண்டு. அதில் எந்த மையும் நிற்காது. பேனாவால் குறி போடாதீர்கள், கை பட்டால் அழிந்துவிடும் என்று பட்டறையில் புதிதாக வருகிற தையல்காரர்களிடம் தினமும் கத்துகிறவன் நான்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபோது அந்த அறிவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். நேர்த்திக்காக எல்லார் உடம்பிலும் காவி, எல்லார் முதுகிலும் என் பைகள். மருந்துப் பை என்னிடம். செலின் அத்தை வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை ஒருசந்தி என்று சொல்லிவிட்டார். பகல் மூன்று மணி வரை பச்சைத்தண்ணீர் மட்டும், அதன் பிறகு ஒருவேளைச் சாப்பாடு. முந்தின நாள் இரவிலிருந்தே அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியும் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் நடந்தார்.

மரப்பாலம் தாண்டும்போது நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “வெறும் வயிறு. கொமட்டுது. மாத்திரை இருக்கா? மருந்துக்கு ஒருசந்தி கெடையாது.”

இதைவிட நல்ல நேரம் வருமா? “பாருங்க அத்தை” என்றேன். முதுகுப்பையைக் கழற்றவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்காரர் செய்த மாதிரியே கையைப் பின்னால் விட்டு, மஞ்சள் பையைத் தடவி எடுத்து, சுருக்கை அவிழ்த்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. அத்தை தண்ணீரோடு விழுங்கினார். “பரவால்லியே” என்றார். அக்காவைப் பெருமையாகப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். எங்கள் குடும்ப வரலாற்றில் அதுதான் உச்சம். அங்கிருந்து இறக்கம்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து அரியாங்குப்பத்தில் ஒரு இட்லிக் கடையில் உட்கார்ந்தோம். அத்தைக்குச் சாப்பாடு கிடையாது, உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். மாமா இலையில் நான்கு இட்லியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். “லூயி, என் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால போடணும்.”

இந்தத் தடவை பையைக் கழற்றித் திறந்தேன். இரண்டு குட்டி மஞ்சள் பைகள் இருந்தன. இரண்டிலும் எழுத்து இல்லை. வியர்வையிலும் உரசலிலும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. உள்ளே பார்த்தேன், இரண்டிலும் வெள்ளை, வட்டம், சின்னது. என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் முழுக்க நீல மை.

மரப்பாலத்தில் நான் எந்தப் பையை எடுத்தேன்?

மாமாவுக்குக் கொடுக்க மாத்திரை தெரியவில்லை என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகவே படவில்லை. முந்தின நாள் இரவிலிருந்து பட்டினியாக இருக்கிற, சர்க்கரை நோயே இல்லாத ஒரு அம்மாளுக்கு நான் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டேனா? அந்த அம்மாள் இப்போது வெயிலில் நடந்துகொண்டிருக்கிறாரா? “ஒரு நிமிஷம் மாமா” என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஊதுபத்தி கொளுத்தும்வரை என்னைக் காத்திருக்கச் சொன்னார். மூன்று ஊதுபத்திகள். ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்.

பிறகு இரண்டு பைகளையும் ஒரு வெள்ளைத் தாளில் தனித்தனியாகக் கொட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு மாத்திரையை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“இது கொமட்டலுக்கு. இது சுகருக்கு. யாருங்க இப்படி அட்டையில இருந்து பிரிச்சது? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க.”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். குமட்டல் மாத்திரை பத்து. இன்னொரு தடவை எண்ணினேன், பத்துதான். சர்க்கரை மாத்திரை ஒன்பது.

“சார், சுகர் இல்லாதவங்க இத போட்டுட்டா என்னா ஆவும்?”

“சாப்ட்டுட்டு போட்டாங்களா?”

“இல்ல. ஒருசந்தி. நேத்து ராத்திரில இருந்து ஒண்ணும் சாப்புடல. நடந்துகிட்டு இருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதுவரை எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அந்தக் கண்ணாடியோடு இறங்கிவிட்டது. “உடனே இனிப்பா எதனா உள்ள போவணும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும். அதுக்கு மேல உட்டா மயக்கம்தான். இனிப்பு குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகிட்டுப் போயிடுங்க, இந்த மாத்திரை நெறைய நேரம் வேல செய்யும்” என்று சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றை என் கையில் திணித்தார்.

மாமாவிடம் ஓடி, சரியான பையை இலைக்குப் பக்கத்தில் வைத்து, “இதான் மாமா” என்றேன். போன் பண்ணலாம் என்றால் அத்தையிடமும் அக்காவிடமும் போன் இல்லை, எடை. ஏறிப் போகலாம் என்றால் வேன் இல்லை, அதுவும் எடை. தெருவில் பார்த்தேன், வழக்கமாக வரிசையில் நிற்கிற ஆட்டோ ஒன்றுகூட இல்லை. “எங்கடா ஓடறே?” என்று மாமா கத்தினார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் சொல்லியிருந்தால் அவர் போனிலேயே ஆட்டோ பிடித்திருப்பார். எனக்கு அப்போதுகூட வெட்கம்தான் பெரிதாக இருந்திருக்கிறது. எழுதும்போது கூசுகிறது.

கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் நோக்கி ஓடினேன். காவி உடுத்தி நடந்துகொண்டிருந்தவர்களின் முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எல்லாரும் காவி. எல்லாருக்கும் வியர்வை. வியர்த்தால் ஆபத்து என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் வியர்க்காதவர் யார்? வழியில் விழுந்து கிடக்கிறாரா என்று சாலையோரமும் பார்த்தேன். ஓர் இடத்தில் நான்கைந்து பேர் கூட்டமாகக் குனிந்து நின்றார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒருவருக்குச் செருப்பு அறுந்திருந்தது. அந்தச் செருப்பைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். செருப்புக்காரர் என்னைத் தேற்றினார்.

தவளக்குப்பத்துக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில், மைல்கல்மேல் செலின் அத்தை உட்கார்ந்திருந்தார். அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை உயிரோடுதான் இருந்தார்.

“என்னாடா ஓடி வர்றே? நாய் தொரத்துதா?”

“இல்ல அத்தை.” திரும்பி நின்று பாதி பாக்கெட் குளுக்கோஸை என் தண்ணீர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினேன். “தண்ணி குடிங்க.”

“எங்கிட்ட தண்ணி இருக்கு.”

“இது நல்ல தண்ணி அத்தை.”

“அப்ப என்னுது கெட்ட தண்ணியா?”

வற்புறுத்தியதில் ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி பக்கவாட்டில் துப்பினார். “இனிக்குது!”

“வெயிலுக்கு குளுக்கோஸ் அத்தை. மருந்துதான். மெடிக்கல்லதான் வாங்கினேன்.”

“மருந்துன்னா கசக்கணும். இனிச்சா அது பலகாரம்.” பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. பாட்டிலில் தண்ணீர் அலைந்ததை நான் பார்த்தேன்.

அவர் செபமாலையை எடுத்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். “அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர்...” என்று நின்றார். மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். தூக்கத்தில் எழுப்பினாலும் ஐம்பத்து மூன்று மணியையும் தடங்கலில்லாமல் சொல்கிற மனுஷி. மூன்றாவது தடவை “கர்த்தர்” என்ற சொல்லே சரியாக வரவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்.

எமிலி அக்கா குடையைக் கீழே போட்டாள். “இப்ப பத்து நிமிஷமாத்தான் இப்படி இருக்காங்க. என்னா நடக்குது லூயி? என் மூஞ்சப் பாத்து சொல்லு.”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தையின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அத்தை, நான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன். மாமாவோட சுகர் மாத்திரை. பை மேல எழுதினது அழிஞ்சிப் போச்சி. இனிப்பு உள்ள போவலன்னா மயக்கம் வந்துடும், அப்பறம்...” பாட்டிலை மறுபடி நீட்டினேன். “குடிச்சிடுங்க அத்தை. உங்க கால்ல உழறேன்.”

நான் அடியை எதிர்பார்த்தேன். அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை என்னைப் பார்க்கவேயில்லை. “மூணு மணி வரைக்கும் தாங்க மாட்டேனா?” என்று கேட்டார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

“தாங்க மாட்டீங்க அத்தை.”

“ஒருசந்தி யாருக்கு நேந்துகிட்டது தெரியுமா? இவளுக்கு. ஏழு மாசமா பேப்பர் வரல. ராத்திரில தலகாணிய கட்டிகிட்டு அழுவறா, எனக்குக் கேக்காதுன்னு. எம் புள்ளகிட்ட இவ போய்ச் சேரணும்னு மாதாகிட்ட கேட்டிருக்கேன். வழியிலயே ஒடச்சிட்டு, அங்க போயி எந்த மூஞ்ச வெச்சிகிட்டு நிப்பேன்?”

அக்கா அப்படியே நின்றாள். ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவளுக்கு இது தெரியாது. இந்த அம்மாள் எங்கள் குக்கருக்குள் பனியன் இருந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே நான் இத்தனை பையும் தைத்தேன்?

அக்காதான் முதலில் அசைந்தாள். என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அத்தைக்கு முன்னால் முட்டி போட்டாள். “எனக்காகத்தானே அத்தை? அப்ப மிச்ச ஒருசந்திய நான் எடுத்துக்கறேன். நீங்க குடிங்க.”

அத்தை அவளை உற்றுப் பார்த்தார். யாரென்று நிதானிக்கிற மாதிரி இருந்தது. பயந்துபோனேன். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். “நீ வேணாம். ஒனக்கு ரத்தம் கம்மி.” நடுங்குகிற விரல் என் பக்கம் திரும்பியது. “இவன் இருக்கட்டும்.”

“இருக்கேன் அத்தை.”

“கோயிலு போய்ச் சேர்ற வரைக்கும். மூணு மணி வரைக்கும் பச்சத்தண்ணி.”

“இருக்கேன் அத்தை, குடிங்க.”

“சத்தியமா?”

“மாதா மேல சத்தியமா அத்தை!” நான் கத்திய கத்தலில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை குடித்தார். அக்கா அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காகக் கொடுத்தாள். மீதி குளுக்கோஸையும் கொட்டிக் கலந்தேன், அதையும் குடித்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. அவர் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் கண்ணைத் திறந்து, “கைய உடுடா, வலிக்குது” என்றார். அந்தச் சொற்கள் தனித்தனியாக, தெளிவாக வந்தன.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து பெலிக்ஸ் மாமா இறங்கினார், வாயோரத்தில் இட்லித் துணுக்கு. மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். “அலே, அலே!” என்று பிரெஞ்சில் அவசரப்படுத்தி அத்தையையும் அக்காவையும் ஏற்றினார். நான் ஏறப் போனபோது என்னை ஒரு பார்வை பார்த்து, “எடை” என்றார். பிறகு மனசு கேட்காமல் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அன்று முழுக்க அத்தையைப் படுக்க வைத்து, மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தார்கள். இனிப்பு கொடுத்தது நல்லதாகப் போயிற்று, இன்னும் அரைமணி போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். யார் மாத்திரை கொடுத்தது என்று கேட்டார். நான்கு பேர் விரல் ஒரே நேரத்தில் என்னைக் காட்டியது. அதில் ஒருவர் பக்கத்துக் கட்டில்காரர். டாக்டர் இரண்டு நாள் ஓய்வு என்றார், அத்தை ஒரு நாளுக்குப் பேரம் பேசினார். மறுநாள் சாயங்காலம் தவளக்குப்பத்துக்கு முன்னாலிருந்த அதே மைல்கல்லிலிருந்து நடை மறுபடி ஆரம்பமானது. பின்னால் வேன் வந்தது. மாத்திரைகள் அட்டையோடு மாமாவின் சட்டைப்பையில் இருந்தன. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தோம். ஒருசந்தி இருந்ததில் எனக்கு இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை, சுருக்குப்பையின் கயிறு ஒன்றை உருவிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் பேப்பர் உடனே வந்துவிடும் என்று எல்லாரும் நம்பினோம். பதினோரு மாதம் ஆனது. அந்தத் தாமதத்துக்கு செலின் அத்தை ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தார். “லூயி வழியில என்னமோ தின்னிருக்கான்.”

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பங்களிலும் எது தாமதமானாலும் விசாரணை என்னிடம்தான். கேஸ் இணைப்பு வரவில்லையா, மாமாவின் பென்ஷன் கடிதம் வரவில்லையா, ரயில் லேட்டா, “லூயி, என்னா தின்னே?” என் கல்யாணம் மூன்று வருடம் தள்ளிப்போனது, அதற்கும் அதே கேள்வி. இப்போது என் மனைவியும் கேட்கிறாள், மழை வராவிட்டால் என் மகளும் கேட்கிறாள். “சத்தியமா ஒண்ணும் தின்னல” என்று இத்தனை வருடமாக ஒரே பதில் சொல்லி வருகிறேன்.

உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். சீர்காழியில், காலை பதினோரு மணிக்கு, ஒரு டீக்கடை வாசலில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டியில் உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். எமிலி அக்கா மட்டும் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள், கடைக்குள் போனாள், இரண்டு வடையைத் தாளில் வைத்து எடுத்து வந்தாள்.

“தின்னு.”

“அக்கா, உன் பேப்பர்...”

“அது வர்றப்ப வரட்டும். நீ உழுந்துட்டா உன்ன யாரு தூக்கறது? தின்னுடா.”

தின்றேன். அவள் சாலையைப் பார்த்தபடி எனக்கு மறைப்பாக நின்றாள். அந்தப் பதினோரு மாதமும் அந்த வடையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் விமானம் ஏற்றப் போனபோது, போகாதே என்கிற மாதிரி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது செலின் அத்தைதான்.

இப்போது அத்தையும் அக்காவோடு அங்கேதான் இருக்கிறார். போன மாதம் போனில் பேசியபோது, என் வீட்டுப் பத்திரம் ஒன்று இழுத்துக்கொண்டே போகிறது என்று சொன்னேன். “என்னா தின்னே?” என்றார் அத்தை, குரல் தளர்ந்திருந்தது. “ஒண்ணும் தின்னல அத்தை” என்றேன். பின்னாலிருந்து அக்கா, “அவன் தின்னிருக்க மாட்டான் அத்தை, மாதா மேல சத்தியம் பண்ணவனாச்சே” என்று எனக்குப் பரிந்து பேசினாள்.

“நீ சும்மா இரு. அவனுக்குக் காவலு நின்னவதானே நீ?” என்றார் அத்தை. “ரெண்டு வட. நான் திரும்பிப் பாத்தேன்.”